அத்தையை நடுங்க விடக்கூடாது

ஜனவரி 11
எங்கள் மலையூர் நரினில் வெளியே மைனஸ் இருபத்தாறு டிகிரி. ஆபரேஷன் தியேட்டருக்குள் பதினாறு. அதுவும் பெரிய டாக்டர் மமிர்பெக் அண்ணனுக்குப் புழுக்கமாம். வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டே மேல் சன்னலைத் திறக்கச் சொல்கிறார். மயக்கத்தில் கிடப்பவர் எதிர்த்துப் பேசவா போகிறார்? மயக்க மருந்து கொடுக்கும் நான் பேசினேன். அதற்கு அவர் பதில்:

"மலையில பொறந்தவங்களைக் குளிரு என்னம்மா பண்ணும்? நடுங்கி எழுந்தா ரத்தம் நல்லா ஓடும்."

கண் விழித்த நோயாளிக்குப் பல் தந்தியடித்தது. கட்டிலே ஆடியது. பெயரைக் கேட்டால் முதல் எழுத்தைத் தாண்டவில்லை.

ஜனவரி 13
பதிவேட்டில் உடல் சூடு: 36.6. நேற்றும் 36.6. போன வருஷம் முழுக்க 36.6. பாதி என் கையெழுத்து— அளக்காமலே எழுதப் பழகிவிட்டோம். வெட்கக்கேடு. இன்று அளந்தேன்: 34.7.

"தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சு," என்றார் மமிர்பெக்.

ஜனவரி 14
அத்தைக்குப் பித்தப்பைக் கல். பத்தொன்பதாம் தேதி ஆபரேஷன். அறுப்பது மமிர்பெக், மயக்கம் கொடுப்பது நான். இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? அறுபத்தெட்டு வயது, எலும்பும் தோலும். உடம்பு குளிர்ந்தால் ரத்தம் லேசில் நிற்காது, புண் சீழ் பிடிக்கும். பயமாக இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து என்னைத் திட்டித் தீர்க்கிற மாமியாருக்காகவா இவ்வளவு பயம்?

ஜனவரி 16
சூடான காற்று ஊதும் போர்வை இயந்திரம் ஒன்று ஸ்டோர் பட்டியலில் இருக்கிறது. ஸ்டோரில் இல்லை. தேடித் தேடிக் கடைசியில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் பிடித்தேன். சமையல்கார ஷயிர்குல் அக்கா அதன் குழாயை மாவுப் பாத்திரத்துக்குள் விட்டிருந்தார்.

"இது இல்லேன்னா இந்தக் குளிர்ல மாவு பொங்காது டாக்டரம்மா! பெரிய டாக்டருக்குத் தெரியுமே. தினம் வந்து சுடச்சுடப் பொரிச்ச போர்சோக் ரொட்டி பத்துப் பன்னெண்டு உள்ள தள்ளுறாரே."

அப்படித் தின்றுவிட்டு வந்தால் புழுங்காதா?

ஜனவரி 17
நேரே போய்க் கேட்டேன்.

"அண்ணே, மாவுக்குக் குளிரும், மனுஷனுக்குக் குளிராதா?"

வாயில் போர்சோக். மென்று முடிக்க நேரமானது.

"சரி, சன்னலை மூடு. எனக்கு வேர்த்து ஊத்துனா?"

"நர்ஸ் தொடைப்பா."

"நான் மயங்கி விழுந்தா?"

"மயக்கம் என் டிபார்ட்மென்ட்."

ஜனவரி 18
ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டேன் என்கிறார் அத்தை. சமையலறையிலிருந்து இயந்திரத்தைத் தியேட்டருக்குத் தூக்கி வந்துவிட்டேன்.

ஜனவரி 19
தியேட்டர் இருபத்திரண்டு. மயக்கம் கொடுப்பதற்கு அரை மணி முன்பே அத்தை மேல் சூட்டுப் போர்வை. கால் மணிக்கு ஒருமுறை அளந்தேன்: 36.3, 36.1, 36.2. மமிர்பெக்கின் நெற்றியை நர்ஸ் பதினோரு தரம் துடைத்தாள். மனிதர் சன்னல் பக்கம் திரும்பவில்லை. பதிவேட்டில் நான் எழுதியதை மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். வார்டில் மட்டும், மாவு பொங்காமல் ரொட்டி கல்லாக இருக்கிறதென்று ஒரே கூச்சல்.

அத்தை கண் திறந்தார். நான் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னடி முறைக்கிற? தொண்டை வறண்டு கிடக்கு, ஒரு வாய் தண்ணி குடுக்க நாதியில்ல. உள்ள என்னை அடுப்புலயா வச்சிருந்தீங்க? எந்த வீட்டு மருமகடி இப்படிப் பாத்துக்குவா?"

ஒரு வார்த்தை உடையவில்லை. ஒரு எழுத்துகூட நடுங்கவில்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"இப்ப எதுக்கு அழுவுற? நான் செத்தா போயிட்டேன்?" என்றார்.