சுவரில் கரிக்கோடு

ஆவணி 12, வியாழன்

காலையில் தூறல். சாமுண்டி மலை மேகத்துக்குள். வலது தோள் கல். சட்டை போட மகள் சரோஜா கை கொடுக்க வேண்டியிருந்தது.

"தசராவுக்கு வெள்ளையடிக்க வேற ஆளக் கூப்பிடட்டுமாப்பா?"

மைசூரில் பாதி வீடு நான் அடித்தது. என் வீட்டுக்கு வேறு ஆளா? முறைத்தேன். வேலையை விட்டு ஒரு வருஷம்தான் ஆகிறது.

ஆஸ்பத்திரி. ஞானம் சிஸ்டர், தமிழ்க்காரி.

"எலும்பு இல்ல தாத்தா, நாரு இறுகிக் கெடக்கு. செவுத்துல வெரல வெச்சு எறும்பு மாதிரி ஏறணும். நிதானமா. மூச்சு விட்டுக்கிட்டே. வலிக்கற எடத்துல நின்னுடணும்."

"எறும்பு பாதியில தூங்கிட்டா?"

"பேசாம ஏறினா தூங்காது."

"அவசரப்பட்டு எம்பினா என்ன ஆவும் சிஸ்டர்?" சிரித்துக்கொண்டுதான் கேட்டேன்.

"நாரு அறுந்துடும். அப்புறம் கை ஏறாது."

வரும் வழியில் மார்க்கெட்டில் எதற்கோ நின்றேன். எதற்கென்று ஞாபகமில்லை. வெறுங்கையோடு வீடு.

13, வெள்ளி

உள் அறைச் சுவர். என் கிழவி கண்ணம்மாவின் கரிக்கோடுகள் அப்படியே. ஊதுபத்தி உருட்டி உருட்டி அவளுக்கும் இதே தோள். தை மாதம் அவளும் இதே சுவரில் ஏறினாள். தினம் எட்டிய இடத்தில் ஒரு கோடு. மொத்தம் பதினொன்று.

கடைசி மூன்று என்னுடையவை. அவள் தண்ணீருக்குப் போனதும் அன்றைய கோட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு இரண்டு விரல் மேலே போடுவேன். மறுநாள், "நேத்து எட்டுச்சே" என்பாள். "கெழவி, நீ குள்ளமாயிட்டே" என்பேன். முந்தானையைச் செருகிக்கொண்டு எம்புவாள். கதவு மறைவில் நின்று எனக்குச் சிரிப்பு தாங்காது. நான்காம் நாள் தோளுக்குள் ஒரு சத்தம், துணி கிழிகிற மாதிரி. பிறகு தலை வாரக்கூட அந்தக் கை ஏறவில்லை. சரோஜாதான் வாரிவிட்டாள்.

ஆடியில் காய்ச்சல் வந்து போய்விட்டாள். காய்ச்சலுக்கும் தோளுக்கும் சம்பந்தமில்லை. எழுதி வைக்கிறேன்.

இன்று என் விரல் நான்காவது கோடு வரை. அதற்கு மேல் யாரோ அழுத்துகிற மாதிரி.

22, ஞாயிறு

காலை வேலை:
வெந்நீர் ஒத்தடம்.
குனிந்து கையைத் தொங்கவிட்டு ஆட்டல், இருபது.
எறும்பு, மூன்று தடவை.
வேப்பெண்ணெய் வேண்டாம். நாற்றம்.

பக்கத்து வீட்டுப் புட்டம்மா வந்தாள். அவள் தமிழே தனி, பாதி கன்னடம். "அஜ்ஜா, சத்யவாகி சொல்றேன், உங்க வீட்டம்மா தோள் மேலே குந்தியிருக்காங்க. மாதேஸ்வரன் மலைக்குப் போய் வாங்க."

"குந்தட்டும் புட்டம்மா. உசுரோட இருந்தப்ப ஒரு நாழி குந்தினாளா?"

தலையில் அடித்துக்கொண்டு போனாள். அவள் போனதும் தோளைத் தொட்டுப் பார்த்தேன்.

ஒன்று கண்டுபிடித்தேன். ஏறும்போது பல்லைக் கடிக்கிறேன். சும்மா இருக்கிற இடது கையும் முஷ்டி பிடித்திருக்கிறது. இரண்டையும் தளர்த்தி மெல்ல மூச்சு விட்டால் தோள் தானாகவே இரண்டு விரல் இறங்கிக் கொடுக்கிறது. சிஸ்டர் சரியாகத்தான் சொன்னாள்.

ஆனால் கண்ணை மூடி ஏறினால் பக்கத்தில் இன்னொரு கை ஏறுகிறது. சுவரில் நகம் உரசும் சத்தம். நான் நின்றால் அதுவும் நிற்கிறது. கண்ணைத் திறந்தால் சுவர்தான்.

புரட்டாசி 8, புதன்

வெயில். கடைசிக் கோட்டையும் தாண்டி நாலு விரல். வலி இல்லை. சந்தோஷமும் இல்லை. சரோஜா பார்த்துவிட்டாள்.

"ஏறிடுச்சே. சனிக்கெழம அடிச்சிடலாம்ப்பா." உடனே சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டாள். தொட்டிக்குள் புஸ்ஸென்று கொதிப்பு.

சனிக்கிழமைக்குப் பிறகு கோடு இருக்காது. நான் செய்தது யாருக்கும் தெரியாது. நல்லதுதானே. சோறு இறங்கவில்லை. வெள்ளையடிக்கும் முன் சரோஜாவிடம் சொல்ல வேண்டும். சொன்னால் எனக்குச் சோறு போடுவாளா? தெரியவில்லை.

மதியம் சொல்லப் போனேன். வெங்காய விலை பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

10, வெள்ளி

சொல்லிவிட்டேன். கொல்லையில் சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

"சரோ. உங்கம்மா கோட்ட நான்தான் மேல மேல தள்ளிப் போட்டேன். வெளையாட்டுக்கு."

வடிகட்டுவதை நிறுத்தவில்லை. "தெரியும்ப்பா."

"யாரு சொன்னா?"

"அம்மாதான். அவ கோடு முடி மாதிரி இருக்கும். நீ போட்டது வெள்ளையடிக்கற மட்டையால இழுத்த மாதிரி தடியா. மொத நாளே கண்டுபுடிச்சிட்டா."

"தெரிஞ்சுமா எம்பினா?"

துணியைப் பிழிந்தாள். உதறினாள். மறுபடி பிழிந்தாள்.

"கதவு மறைவுல நீ சிரிச்சிட்டு நின்னியே, அத அவ பாத்தா. நான் வேணாம்னுதான் சொன்னேன். ‘வேலய விட்டதுலேர்ந்து மனுஷன் மொகத்துல சிரிப்பே இல்ல. இப்பத்தான் சிரிக்கறாரு, இன்னும் ரெண்டு நாள் சிரிக்கட்டும்டீ’ன்னா."

அடுப்பில் பால் பொங்குகிறதென்று உள்ளே போய்விட்டாள். அடுப்பு பற்ற வைக்கவே இல்லை.

11, சனி

நல்ல வெயில். சரோஜா உள் அறைச் சுவரில் ஏணியைச் சாத்திவிட்டுக் கூப்பிடுகிறாள். இரண்டாவது தடவை. நான் இன்னும் எழுந்து போகவில்லை. கை நன்றாகத்தான் ஏறுகிறது.