தொட்டிக்குள் இறக்கிய கோழி

ஆனி 20, செவ்வாய்.
சாரல், விடவில்லை. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல மகள் சிவகாமி எழுதுகிறாள்.
நான் வேலை பார்க்கும் டிப்போவில் பெட்ரோல் தொட்டியை வடித்தாயிற்று. அடியில் கசடு. வெள்ளி மாலை ரயிலில் புது பெட்ரோல். அதற்குள் ஒருவர் இறங்கி அள்ள வேண்டும். யார் என்று நாளை சொல்கிறேன்.
இடுப்பு வலி. உப்பு வாங்க மறந்தேன்.

ஆனி 21, புதன்.
சாரல். மழை விழும் என்று தொட்டி வாயில் தார்ப்பாய். உள்ளே நிற்கிற வாடை எப்படிப் போகும்?
ஆள் இறங்கலாமா என்று பார்க்க, கோழியைக் கூடையில் வைத்து இறக்கினேன். எப்போதும் செய்வதுதான். நூறு எண்ணித் தூக்கினேன். கழுத்து தொங்கிவிட்டது. வெளிக்காற்றில் கிடத்திய பிறகு கண் திறந்தது.
மேனேஜர்: "கோழி தூங்குதுவே. குத்தாலம் பஸ் பூரா பெட்ரோல் இல்லாம நிக்கி. உம்ம மருமவன் நாளைக்கு இறங்கட்டும்."
சிவகாமி பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். "அய்யா, நேத்தே தெரியுமா ஒமக்கு?"
தெரியும். அவள் புருஷன் மாரி நாலு பேர் முன்னால் சரி என்றதும் தெரியும்.
என் தம்பி வேலு. தூத்துக்குடி, இதே வேலை. பச்சைக் கரைத் துண்டு. உள்ளேயிருந்து "அண்ணே, தலை சுத்துது" என்றான். பிறகு சத்தமில்லை. அதற்குப் பிறகுதான் கோழி. இதைச் சிவகாமியிடம் இன்றுதான் சொல்கிறேன்.

ஆனி 22, வியாழன்.
தார்ப்பாயை அவிழ்த்தேன். புனல் போலக் கட்டி, புளியறைக் கணவாய்க் காற்றைத் தொட்டிக்குள் திருப்பினேன். மேனேஜர் சத்தம். இன்று யாரும் இறங்காதபடி நான் தொட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பகல் முழுக்க நனைந்தேன்.
"மாமா, கீழ வாரும். எல்லாரும் பாக்காவ," என்றான் மாரி.
"பாக்கட்டும் மாப்ள."
நாளையோடு எனக்கு வேலை இல்லையாம். சரி.

ஆனி 23, வெள்ளி.
தூறல். எனக்குக் காய்ச்சல். மாரி வெளியே வந்துவிட்டான், தூங்குகிறான்.
காலையில் மறுபடி கோழி. இருநூறு எண்ணினேன். கத்திக்கொண்டே மேலே வந்தது. மாரி இறங்கினான். விளக்கு கூடாது, இருட்டு. அவன் இடுப்புக் கயிறு என் கையில். பேச்சை நிறுத்தாதே என்றேன்.
"என்னத்தப் பேச?"
"என்னைய ஏசு."
கெழட்டு ஆந்தை என்றான். கூறுகெட்ட மனுசன், பொண்ணையும் குடுத்து இந்த வேலையையும் குடுத்தீரே என்றான். வாளி வாளியாகக் கசடு வந்தது. பத்தாவது வாளியில் சத்தம் நின்றது. கயிற்றை இழுத்தேன்.
"இருக்கேன் மாமா. ஏச்சு தீந்துபோச்சு."
முதலிலிருந்து ஏசு என்றேன்.