நிம்ஃபாவின் மகள், மூன்றாம் வகுப்பு

2009 ஜூலை 6, திங்கள்
ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை இன்று வகுப்பில் செய்து பார்த்தேன். கைபேசியில் படம் எடுத்து, இரண்டு வரி தட்டி அனுப்பினால் அடுத்த நிமிடம் வலைப்பூவில்! மூன்றாம் வகுப்பு முழுக்கப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. பக்கத்து வகுப்பு ஆசிரியை கெம்மா, "எடித்தா, அம்பது வயசுல என்னடி இந்தக் குதி குதிக்கிற?" என்றாள். குதித்தேன்தான்.

ஜூலை 9
முதல் பின்னூட்டம். குவைத்திலிருந்து!
"மேடம், முன்வரிசையில மூணாவதா நிக்கிறது என் பொண்ணு ஜோவிலின். நான் இங்க வீட்டு வேலைக்கு வந்து ரெண்டு வருஷமாச்சு. அவ அப்பா என் போனையே எடுக்கிறதில்ல. பல்லு எப்போ விழுந்துச்சு? — நிம்ஃபா."

ஜூலை 10
ஜோவிலினிடம் கேட்டேன். "ஞாயித்துக்கிழமை, சோளம் கடிக்கும்போது." அப்படியே எழுதி அனுப்பினேன்.

ஜூலை 24
தினம் ஒரு படம். ஜோவிலின் வாசிக்கிறாள். சோறும் கருவாடும் சாப்பிடுகிறாள். இன்று கைபேசிக்குள் எட்டிப் பார்த்து, "அம்மா இப்போ பாக்குறாங்களா மேடம்?" என்றாள்.

ஆகஸ்ட் 3
ஜோவிலின் வரவில்லை.

ஆகஸ்ட் 5
அவள் வீடு பூட்டிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள்: "அவ அப்பன் பிள்ளையக் கூட்டிக்கிட்டுத் தெற்க தாவோ நகரத்துக்குக் கப்பல் ஏறிட்டான். அங்க அவனுக்கு வேற ஒருத்தி இருக்கா. நீங்க படம் போடுறது தெரிஞ்சதுலேருந்தே ஒரே கத்தல்."
அப்படியென்றால் — என்னாலயா? நான் பாட்டுக்குச் சும்மா இருந்திருக்கக் கூடாதா?

ஆகஸ்ட் 6
நிம்ஃபா: "மூணு நாளா என் பொண்ணு படத்தைக் காணோமே மேடம்?"
பதில் எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன், அழித்தேன். தலைமையாசிரியர், "அது அவங்க குடும்ப விவகாரம், ஒதுங்கி இருங்க" என்கிறார். காவல் நிலையத்தில், "பெத்த அப்பன் பிள்ளையக் கூட்டிட்டுப் போறது குத்தமா மேடம்?" என்று சிரிக்கிறார்கள்.

ஆகஸ்ட் 8
உண்மையை எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 12
நிம்ஃபா: "முதலாளியம்மா பாஸ்போர்ட்டைத் தர மாட்டேங்குறாங்க. ஒப்பந்தம் முடிய இன்னும் பதினோரு மாசம். நான் என்ன செய்வேன் மேடம்?"
நான் என்ன செய்வேன்?

ஆகஸ்ட் 15
தாவோவில் வலைப்பூ எழுதும் ஆசிரியர்களைத் தேடிப் பிடித்தேன். பதினேழு பேர். ஜோவிலின் அவர்கள் பள்ளியில் சேர்ந்திருக்கிறாளா என்று கேட்டு எல்லாருக்கும் தனிமடல் போட்டேன்.

செப்டம்பர் 2
ஒன்பது பேர் இல்லை என்கிறார்கள். மற்றவர்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. வகுப்புப் படம் எடுப்பதையே விட்டுவிட்டேன். கை வரவில்லை.

செப்டம்பர் 18
டிமோட்டியோ என்றொரு ஆசிரியர். "மேடம், அந்தப் பொண்ணு என் வகுப்புலதான் இருக்கா. படமே எடுக்கக் கூடாதுன்னு அவ அப்பா எழுதி வாங்கிட்டாரு. அதை மீறினா இங்கேருந்தும் கூட்டிட்டுப் போயிடுவாரோன்னு பயமா இருக்கு. ஆனா நல்லாத்தான் இருக்கா. நேத்து ஏழாம் வாய்ப்பாடு தப்பில்லாம சொன்னா. அவ அம்மாகிட்ட சொல்லுங்க."
சொன்னேன்.

செப்டம்பர் 19
நிம்ஃபா கேட்டாள்: "முடி வளந்திருக்கா?"
அதை டிமோட்டியோவுக்கு அனுப்பினேன்.

செப்டம்பர் 21
"தோள் வரைக்கும்" என்று பதில் வந்தது. நிம்ஃபாவுக்கு அனுப்பினேன்.