அன்ரியின் நேர்த்தி, என் கால்

பெப்ரவரி 5, புதன்

அறை சின்னது, யன்னல் பெரியது. திறந்தால் பலெர்மோவின் போர்கோ வெக்கியோ சந்தையின் மீன் வாடை, மூடினால் எனக்கு அறை தந்திருக்கும் குகனேஸ்வரி அன்ரி அடுப்படியில் மிளகாய் பொரிக்கும் வாடை. இரண்டுமே பசியைக் கிளப்புகின்றன. இந்த வீட்டில் நான் மெலியப் போவதில்லை.

வடக்கு இத்தாலியில், மோதெனாவிலிருந்து அம்மா இன்றும் தொலைபேசியில் அதையேதான் கேட்டார். “எல்லாரும் வேலை தேடிப் பலெர்மோவிலை இருந்து வடக்குக்கு வருதுகள். நீ ஏன் பிள்ளை அங்கை போனாய்?” நல்ல லாப் அம்மா, அதுதான் என்றேன். அது பொய்யில்லை. ஆனால் செயற்கைப் பல் செய்கிறவளுக்கு எந்த ஊரிலும் வேலை கிடைக்கும், மோதெனாவிலும் இருந்தது. மோதெனாவில் இல்லாதது மலை. அங்கே மேம்பாலத்தைவிட உயரமாக ஒன்றும் கிடையாது. இத்தனை வருடமும் ஒரு பழைய கிடங்குக்குள், சுவரில் பூட்டிய பிளாஸ்டிக் பிடிகளில் தொங்கிக்கொண்டிருந்தேன். இங்கே தெரு முனைக்குப் போய்த் தலையைத் தூக்கினால் பெல்லெக்ரீனோ மலை.

பாறை ஏறத்தான் வந்தேன். இங்கே எழுதிவைக்கிறேன். அம்மாவிடம் சொல்ல மாட்டேன்.

பெப்ரவரி 9, ஞாயிறு

முதல் பாறை. ஸ்ஃபெர்ராகவால்லோ ஊருக்கு மேலே, கீழே கடல்.

கயிறு பிடிக்க ஆள் வேண்டும் என்று பாறை ஏறுகிறவர்களின் வாட்ஸப் குழுவில் போட்டிருந்தேன். தியோ என்று ஒருவன் வந்தான். மொரீசியஸ் தமிழ்க் குடும்பம், பிறந்தது பலெர்மோ, சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருக்கிறான். தமிழ் தெரியுமா என்றேன். “வேல் வேல்” என்றான். காவடித் திருவிழாவில் கற்றதாம், அதோடு சரி. மிச்சமெல்லாம் இத்தாலியனில். என் முழுப்பெயர் வாயில் நுழையவில்லை, கிருசா என்று வெட்டிவிட்டான்.

பிளாஸ்டிக் பிடி எங்கே காலை வைப்பது என்று நிறத்தால் சொல்லிவிடும். பாறை ஒன்றும் சொல்லாது. தடவித் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பல தடவை விழுந்தேன். கயிற்றில் தொங்கிக்கொண்டு சிரித்தேன். தியோ கீழே நின்று, இவள் என்ன லூசா என்பதுபோலப் பார்த்தான்.

பெப்ரவரி 10, திங்கள்

லாப் முதலாளி சிஞோர் கிறிகோரி என் விரல் நுனிகளைப் பார்த்துவிட்டு, பல்லை அராவச் சொன்னால் விரலை அராவியிருக்கிறாயே என்றார்.

மார்ச் 2, ஞாயிறு

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் பெல்லெக்ரீனோவின் கடல் பக்கம்தான். அங்கே ஒரு வழி இருக்கிறது, நடுவில் பாறை புடைத்துக்கொண்டு வெளியே தள்ளி நிற்கும். தியோ அதற்கு மாமனாரின் வயிறு என்று பெயர் வைத்திருக்கிறான். அந்த வயிற்றைத் தாண்ட முடியவில்லை. தாண்டாமல் விடுவதாகவும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அன்ரி என் கால்களையே பார்த்தார். ஏறுகிற சப்பாத்து இறுக்கம், பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. ஒன்றும் கேட்காமல் சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. பிறகு, அன்ரி கிழமைக்கொருமுறை அம்மாவோடு தொலைபேசியில் கதைக்கிறவர் என்பது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு காலை ஊறவைத்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

ஐயோ, என்ன வேலை பார்த்துவிட்டேன்.

ஒழுங்காக எழுதுகிறேன். அன்ரியின் மகள் றஜிதா, அடுத்த தெருவில் புருஷன் தர்சனோடு இருக்கிறாள். என் வயதுதான். இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே தங்காமல் போய்விட்டன. இது மூன்றாவது, இப்போது நாலு மாதம். இது தங்க வேண்டும் என்று அன்ரி பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா றோசாலியாவுக்கு நேர்ந்திருக்கிறார். பெல்லெக்ரீனோ மலை உச்சியிலுள்ள அவவின் குகைக் கோவிலுக்கு ஒன்பது ஞாயிறு வெறுங்காலோடு நடந்து ஏறுவது. இங்கே நம்மவர்கள் வீட்டில் முருகனையும் மலையில் றோசாலியாவையும் கும்பிடுகிறவர்கள், அதில் ஒருவருக்கும் குழப்பமில்லை. அன்ரி மூன்று ஞாயிறு ஏறியிருக்கிறார். நாலாவதுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. ஏறவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

இன்று நான் வந்து பையை இறக்கியதும் கூப்பிட்டார்.

“பிள்ளை, இஞ்சை இரு. நீ ஞாயிறு ஞாயிறு விடிய வெள்ளனப் போறாய். நான் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். வெறும் வயித்தோடை போறாய், கால் புண்ணோடை வாறாய். உனக்கு என்ன நேர்த்தி எண்டு நான் கேக்கேல்லை. அது உனக்கும் அவவுக்கும். என்ரை மிச்ச ஞாயிறுகளையும் உன்ரையோடை சேத்து நடப்பியே?”

விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. பலெர்மோவில் ஞாயிறு விடிய எழும்பிப் போகிற தமிழ்ப்பிள்ளை வேறு எங்கே போகும்? என் கையில் பிடி வழுக்காமல் பூசுகிற வெள்ளைத் தூள் இன்னும் இருந்தது. அன்ரி அதையும் பார்த்தார், திருநீற்றைப் பார்க்கிற பார்வை. மேசைக்கு அந்தப் பக்கம் றஜிதா தோடம்பழம் உரித்தபடி இருந்தாள். உரிக்கிறதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ஓம் அன்ரி” என்றேன்.

மார்ச் 17, திங்கள்

எனக்குக் கடவுளோடு சண்டை ஒன்றுமில்லை. பேச்சுவார்த்தை இல்லை, அவ்வளவுதான். ஆனால் ஒரு பிள்ளையை வைத்துப் பொய் சொல்ல முடியுமா? முடியாது. போகத்தான் வேண்டும். அப்போ பாறை? முதலில் மலை, பிறகு பாறை. உடம்பு என்ன சொல்லுமோ தெரியாது.

மார்ச் 23, ஞாயிறு

உடம்பு சொன்னதை இங்கே எழுத முடியாது.

கையால் தொங்குவதில் கெட்டிக்காரி என்ற எண்ணம் எனக்கு. பழைய பாதையின் உருண்டைக் கற்களில் வெறுங்காலை வைத்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. இடுப்பில் ஒரு குழந்தையும் தோளில் பையுமாக ஒரு தமிழ்ப் பெண், அதுவும் வெறுங்காலோடு, தொலைபேசியில் கதைத்துக்கொண்டே என்னைக் கடந்து போனாள். தியோ சப்பாத்தோடு பக்கத்தில் வந்தான். நேர்த்தி உன்னுடையது, எனக்கென்ன என்றான்.

குகைக்குள் நல்ல குளிர். கூரைப் பாறையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, அதைப் பிடித்துக்கொண்டு போகத் தகரப் பீலிகள் கட்டியிருக்கிறார்கள். மெழுகுதிரி கொளுத்தினேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. “இது குகனேஸ்வரி அன்ரியிடமிருந்து, மகள் றஜிதாவுக்காக” என்று விலாசத்தைச் சொல்லிவிட்டு வந்தேன், பார்சல் கொடுக்கிறவள் மாதிரி.

பிறகு பாறை. மாமனாரின் வயிற்றைத் தொடக்கூட முடியவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

பார்சல் சேர்ப்பித்தாயிற்று. கால் பழகிவருகிறது. வீட்டுக்கு வந்தால் றஜிதா வாசலிலேயே நிற்கிறாள். “உதைக்குதடி” என்று என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. உதைத்தது என்றே சொன்னேன். அன்ரி மீன் தலையை என் தட்டில் வைத்தார். இந்த வீட்டில் அது பெரிய மரியாதை.

ஏப்ரல் 13, ஞாயிறு

தாண்டிவிட்டேன். தாண்டிவிட்டேன்.

காலையில் நல்ல குளிர் காற்று, பாறை காய்ந்து கிடந்தது. இப்படி ஒரு நாள் இனி ஒக்டோபரில்தான் வரும், முதலில் பாறைக்குப் போவோம், கோவிலுக்குப் பின்னேரம் போகலாம் என்றான் தியோ. சரி என்றேன். நான்தான் சரி என்றேன். வயிற்றின் அடியில் இடது விரல்கள் ஒரு சின்ன வெடிப்பைப் பிடித்தன, கால் மேலே வந்தது, நான் மேலே நின்றேன். கத்தியதில் கீழே கடற்கரையில் நாய்கள் குரைத்தன.

பின்னேரம் மழை. கோவிலுக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறோடு சேர்த்துக்கொள்ளலாம்.

“போனனியே பிள்ளை?” என்று அன்ரி கேட்டார். “ஓம் அன்ரி, போனன்.” எங்கே என்று நான் சொல்லவில்லை. மீன் தலை எனக்குத்தான்.

ஏப்ரல் 15, செவ்வாய்

றஜிதாவுக்கு இரத்தம் படுகுது. தர்சன் வேலையாலை ஓடிவந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அன்ரி உடுத்த சட்டையோடை போனவ.

ஒண்டுக்கும் ஒண்டுக்கும் தொடர்பில்லை. எனக்குத் தெரியும். நான் என்ன சின்னப்பிள்ளையே? தெரிஞ்சும் அந்த ஞாயிறையே நினைச்சுக்கொண்டிருக்கிறன். அவள் என்னை நம்பித்தானே இருந்தவள். ஏன் நான் போகேல்லை — ஒரு மழைக்கு —

ஏப்ரல் 16, புதன்

லாபில் அரைநாள் கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரத்தம் குறைந்திருக்கிறது, இன்னும் ஒன்றும் சொல்ல முடியாது என்கிறார்கள். அன்ரி நடைவழியில் வாங்கில் இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிறு மேலே போகவில்லை. அதற்கு முன்பும், அன்ரி கேட்கும் வரைக்கும், ஒருநாளும் கோவிலுக்குப் போனதில்லை. பாறை ஏறத்தான் போவேன். கையில் இருந்தது திருநீறில்லை.

அன்ரி என் கையைத் திருப்பி விரல் நுனிகளைப் பார்த்தார்.

“கல்லிலையோ? கயிறு கட்டியோ?”

“ஓம்.”

“ஆர் பிடிக்கிறது?”

“தியோ எண்டு ஒரு பெடியன்.”

“மொரீசியஸ் மரி-ஜோசேயின்ரை மகனோ?”

“ஓம் அன்ரி.”

“உன்ரை அம்மாவுக்குத் தெரியுமோ?”

“இல்லை.”

எழும்பி உள்ளே போய்விட்டார். நான் அந்த வாங்கிலேயே இருந்து அழுதேன். துடைக்கிற வேலை செய்கிற ஒரு சிங்களப் பெண் வந்து தண்ணீர் தந்தாள்.

ஏப்ரல் 18, வெள்ளி

றஜிதா வீட்டுக்கு வந்துவிட்டாள். இரத்தம் நின்றுவிட்டது, பிள்ளையின் இதயம் நன்றாக அடிக்கிறது, படுக்கையில் இருக்க வேண்டுமாம்.

அன்ரி என்னோடு கதைப்பதில்லை. சாப்பாட்டை மட்டும் வைக்கிறார். மீன் தலை தர்சனுக்குப் போனது.

ஏப்ரல் 20, ஞாயிறு

பாஸ்குவா, உயிர்த்த ஞாயிறு. விடிய அறைக் கதவைத் திறந்தால் அன்ரி சீலை உடுத்துக் குடையோடு நிற்கிறார்.

“நீ நட. நான் பஸ்ஸிலை மேலை போய் நிப்பன். கண்ணாலை பாத்தால்தான் நம்புவன்.”

நடந்தேன். மேலே கோவில் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாதத்தைத்தான் பார்த்தார். உள்ளே இரண்டு பேரும் மெழுகுதிரி கொளுத்தினோம். வெளியே வந்ததும் கேட்டேன், இன்னும் கோபமோ என்று.

“நீ போகாததுக்குக் கோவமில்லை. போனன் எண்டு சொன்னாயே, அதுக்குத்தான்.”

“விட்ட ஞாயிறுக்கு என்ன செய்ய?”

“அதை நீ அவவோடை கதை. என்னைக் கேட்டால்?” குடையை விரித்துக்கொண்டு, “இப்ப உன்ரை கல்லைக் காட்டு” என்றார்.

தியோ தாயின் காரைக் கொண்டுவந்தான். பாறைக்குக் கீழே அன்ரியை மடக்குக் கதிரையில் இருத்தினோம். நான் இடுப்பில் ஹார்னெஸ் பட்டி கட்டும்போது அன்ரி தியோவைக் கூப்பிட்டார். “தம்பி, கயித்தை விட்டாய் எண்டால் இருக்கு உனக்கு.” வேல் வேலுக்கு மேல் தமிழ் தெரியாதவன், “சி, சிஞோரா” என்று நிமிர்ந்து நின்றான்.

போன கிழமை தாண்டிய அதே வயிறு. அன்ரி பார்க்கிறார் என்ற நினைப்பிலேயே விழுந்தேன். கயிறு பிடித்தது. இறங்கி வந்து பார்த்தால் அன்ரி கதிரையை விட்டு எழும்பி நின்று முருகனைக் கூப்பிடுகிறார்.

“ஏன் அன்ரி வந்தனீங்கள்? பயமெண்டால் வீட்டிலை இருந்திருக்கலாமே.”

“வீட்டிலை இருந்து பயப்பிடுறதுக்கு றஜிதா போதும். உனக்கு இஞ்சை இருந்து பயப்பிடுறன்.”

போகும் வழியில், இடது காலை முதலே தூக்கியிருந்தால் விழுந்திருக்க மாட்டாய் என்றும் சொன்னார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

இடது காலை முதலே தூக்கிப் பார்த்தேன். இன்னும் மோசமாக விழுந்தேன். அன்ரியிடம் சொல்லவில்லை.

இல்லை, சொன்னேன். இனி எதையும் மறைப்பதில்லை. “அப்ப வலதைத் தூக்கு” என்றார். மீன் தலை திரும்பி வந்துவிட்டது.

மே 11, ஞாயிறு

நேர்த்தி முடிந்தது. விட்டதற்காக ஒன்று கூடவே நடந்தேன். அது போதுமா என்று குகையில் கேட்டேன். தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. போதும் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

அன்ரி அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மா தொலைபேசியில் போட்ட சத்தம் சந்தைக்கே கேட்டிருக்கும். கடைசியில் அன்ரி தொலைபேசியைப் பிடுங்கி, “நான் கூடப் போய் நிண்டு பாக்கிறனான். பெடியன் நல்லாப் பிடிக்கிறான். நீங்கள் பயப்பிடாதைங்கோ” என்றார். அம்மா அடங்கிவிட்டார். நான் இத்தனை வருடம் முயன்றும் முடியாதது.

ஓகஸ்ட் 27, புதன்

பெண் பிள்ளை. இரண்டு பேரும் சுகம். அன்ரி அழுகிறார், தர்சன் அழுகிறான், தகவல் கேட்டு சிஞோர் கிறிகோரிக்கும் கண் கலங்கிவிட்டது. பல்லே இல்லாத வாயைத் திறந்து அவள் கொட்டாவி விட்டாள். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

வெயில் ஏறுவதற்குள் நேராகப் பாறைக்குப் போவதுதான் திட்டம். தியோவின் ஸ்கூட்டரில் போனோம். பழைய பாதை தொடங்குகிற இடத்தில் அவன் ஸ்கூட்டரை நிறுத்தினான். நான் நிறுத்தச் சொல்லவில்லை.

“நேர்த்திதான் முடிந்துவிட்டதே, கிருசா” என்றான்.

“ஓம்” என்றேன். அந்தச் சொல் அவனுக்கு இப்போது தெரியும். சப்பாத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தால், அவனும் ஒற்றைக் காலில் நின்று சப்பாத்தின் நூலை அவிழ்த்துக்கொண்டிருக்கிறான். வழி முழுக்க அவன் முனகியதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே ஏறினேன்.

குகைக்குள் அதே குளிர், அதே சொட்டு. மெழுகுதிரியைக் கொளுத்தினேன். இந்த முறை அன்ரியின் விலாசத்தைச் சொல்லவில்லை. கிருசாந்தினி வந்திருக்கிறேன் என்றேன்.

பிறகு பாறைக்குப் போனோம்.