தொடைக்கு அடியில் ஒரு கை

என் செல்ல டமாரத்துக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் உன் மாமாவும் சௌக்கியம். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று தலையைச் சொறிவாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ ஜோக்கடித்தே மூடிவிடுவாய். இன்னொரு காரணமும் உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் மெட்டல் இசைக் குழுவின் புதுக் கச்சேரி வீடியோவைப் பார்த்தேன். பள்ளி வேனை வாசலில் நிறுத்திவிட்டு, பெல் அடிக்கும்வரை தினமும் எனக்கு அதுதான் வேலை. அன்றைக்குச் சத்தத்தைக் குறைக்க மறந்து கதவைத் திறந்துவிட்டேன். உங்கள் பாடகர் போட்ட கத்தலில் ஒரு வாண்டு, உள்ள யாருக்கு ஆன்ட்டி வயித்து வலி என்று கேட்டது.

முதல் தடவை பார்த்தபோது ஒரே பெருமை. கொட்டுகிற மழையில் அத்தனை ஆயிரம் கறுப்புச் சட்டைகள், எல்லாருக்கும் மேலே டிரம்களுக்கு நடுவில் நீ. இரண்டாம் தடவைதான் உன் இடது கையைக் கவனித்தேன்.

நாலாவது பாட்டில் நீ இடது கையால் பொரிந்து தள்ளுகிற இடம் ஒன்று உண்டே, பழைய வீடியோக்களில் அதை நூறு தடவை பார்த்தவள் நான். இந்தத் தடவை அதில் பாதிதான் வந்தது. மீதியைக் காலால் மிதித்துச் சமாளித்தாய். அதே நேரம் கிடார் வாசிக்கிற உன் சிநேகிதன் நெட்டை உன் முன்னால் வந்து கேமராவை மறைத்து நின்றான். அவனுக்குத் தெரியும், இல்லையா?

பாட்டு முடிகிற ஒவ்வொரு தடவையும் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்கிறாய். கீழே கருத்து எழுதுகிற பிள்ளைகள், என்ன ஸ்டைலு, ராஜா மாதிரி உட்காந்திருக்காரு என்று கொண்டாடுகிறார்கள். அதே மாதிரி உட்கார்ந்து போட்டோ வேறு போடுகிறார்கள். அதற்கு மேல் படிக்காமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். தையல் கடையில் வாடிக்கையாளர் உள்ளே வந்தால், கை நடுக்கத்தை மறைக்க அப்பா அப்படித்தானே உட்காருவார்!

கடையில் அப்பா எழுதும் அளவு நோட்டு ஞாபகம் இருக்கிறதா? எழுத்து மாதாமாதம் சிறுத்து எறும்பு மாதிரி ஆனபோது, அப்பா நோட்டை மிச்சம் பிடிக்கிறார் என்று நாம் கேலி செய்தோம். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்த எழுத்தைப் படிக்க முடியாமல் ஒருவருடைய சட்டைக் கழுத்து தப்பாகப் போய்ச் சண்டை வந்த பிறகும் நமக்கு உறைக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து டாக்டர் பழைய நோட்டையும் புது நோட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, நடுக்குவாதம் முதல்ல எழுத்துலயே தெரியும், இதை அப்பவே கொண்டு வந்திருக்கலாமே என்றார். அந்தச் சிரிப்பை நினைத்து நான் அழாத நாள் இல்லை. கடைசியில் அப்பாவுக்குச் சோறு ஊட்டியவன் நீ. உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வெறும் மணிக்கட்டு வலியாகக்கூட இருக்கலாம். இருந்தால் என் வாயில் சர்க்கரை போடு, அசட்டு அக்கா என்று ஆயுசுக்கும் கிண்டல் பண்ணு. ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. வேன் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போதுகூட உன் கைதான் கண்ணில் நிற்கிறது. அடுத்த மாதம் நாற்பது ஊர் சுற்றக் கிளம்புகிறாயாம். அதற்கு முன்னால் டாக்டரிடம் போ. ஆரம்பத்திலேயே பிடித்தால் நெடுநாள் சமாளிக்கலாம் என்று அவரே அன்றைக்குச் சொன்னார். தனியாகப் போகப் பயமாக இருந்தால் சொல், லீவு போட்டுவிட்டு நான் வருகிறேன்.

நீ டிரம்மை விட்டாலும், விடாமல் அடித்தாலும், உன் முதல் ரசிகை நான்தான். நல்லா இருடா கண்ணா.

இப்போது அந்த இன்னொரு காரணம். பதிலை டைப் அடிக்காதே. கோடு போடாத வெள்ளைத் தாளில், நீ எப்போதும் எழுதுகிற அந்த இடது கையால், ஒரு முழுப் பக்கம் எழுதி அனுப்பு. என்ன வேண்டுமானாலும் எழுது. நீ பத்தாவது படித்தபோது எனக்கு எழுதிய கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.

உன் அக்கா