கமுவேலாவின் மூடிய வாளி

ஜூன் 3
எழுத்து எனக்கு வராது. கைபேசியிடம் சொன்னால் அதுவே எழுதி வைத்துக்கொள்கிறது. இன்று எங்கள் மொலோகாய்த் தீவு மீன்குளத்துச் சுவருக்குக் கல் ஏற்றினோம், வரிசையில் நின்று கைமாற்றி. என் பக்கத்தில் மச்சான் கமுவேலா, என் மனைவியின் தம்பி. அவன் கண் கல்லில் இல்லை, மதகில் இருந்தது. ஏன்?

ஜூன் 7
குளத்தில் மடவை குறைகிறது. ஆறு வருஷம் கண்டல் மரம் வெட்டி, சேறு வாரி வளர்த்த மீன். முதல் வலையில் ஊருக்கே பங்கு என்று வேலையை நடத்தும் கவேஹி சொல்லியிருக்கிறாள். "மீன் இல்லேன்னா அப்புறம் யாரு மாமா கல்லு தூக்க வருவா?" என்றாள்.

ஜூன் 8
விடிந்ததும் கமுவேலா வாளியோடு போனான். மேலே ஈரச் சாக்கு. சும்மா ஒரு சுற்று என்றான். மீன்பிடிக்கப் போகிறவனை எங்கே என்று கேட்கக் கூடாது, மீன் காதில் விழுந்துவிடும். அதனால் நான் கேட்கவில்லை. அந்தத் தைரியம்தானோ அவனுக்கு?

ஜூன் 11
சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டேன். உயிரோடு மடவை — நம்ம குளத்து மடவை! பத்து வயசிலேயே என் அப்பா கூடையிலிருந்து நண்டு திருடியவன்தானே இவன். நான் மறக்கவில்லை.

ஜூன் 12
நண்டு உட்பட எல்லாவற்றையும் கவேஹியிடம் சொன்னேன். எல்லார் முன்னாலும் அவனிடமிருந்து மதகுச் சாவியை வாங்கி என்னிடம் கொடுத்தாள். அவன் வாயே திறக்கவில்லை. தப்பு செய்யாதவன் பேசமாட்டானா?

ஜூன் 20
அவன் வருவதில்லை. மடவை இன்னும் குறைகிறது. இன்று பாதி மீன் ஒன்று மிதந்தது. வால் பக்கம் இல்லை.

ஜூன் 21
நீர் வற்றிய நேரம் மதகின் மேல் நின்றேன். உள்ளே ஒரு சீலா மீன், என் கால் நீளம். குஞ்சாக மதகுக் கம்பி இடுக்கில் நுழைந்து, இங்கேயே தின்று பெருத்திருக்கிறது. அதைத் தூண்டிலில் பிடிக்க உயிர் மடவைதான் இரை.
அட பாவி கமுவேலா, வாளி இதுக்குத்தான்னு சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? எப்படிச் சொல்வான்? அது காதில் விழுந்துவிடுமே. நானும் சொல்லியிருக்கமாட்டேன்.

ஜூன் 22
அவன் வீட்டுக்குப் போய்ச் சாவியை நீட்டினேன். வாங்கவில்லை.
"நண்டு கதையையும் சொன்னியாமே மச்சான்?"
"சொன்னேன்."
"அத எடுத்தது எங்க அக்கா. உன் பொண்டாட்டி. போய்க் கேளு."
கேட்டேன். சோறு போட்டுக்கொண்டே சிரிக்கிறாள்.

ஜூன் 23
விடியலில் வாளியை நான் தூக்கினேன். சாவி அவன் கழுத்தில். எதிரே வந்த கவேஹி எங்களையும் சாக்கையும் பார்த்தாள், எதுவும் கேட்கவில்லை.
"சும்மா ஒரு சுத்து" என்றேன்.