பெரியப்பாவின் தோல்

1961 ஏப்ரல் 9, ஞாயிறு

காலையிலேயே சுள்ளென்று வெயில். கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர் வேலைக்கு லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. இப்போது தஞ்சாவூர், பெரிய ஆஸ்பத்திரி.

தம்பி மகள் செல்லம். ஆறு வயது. முந்திரிக்கொட்டை வறுக்கும் சட்டி தீப்பிடித்து, பாவாடையில் பற்றிக்கொண்டது. அந்தக் கொட்டை எண்ணெய் லேசில் அணையாது. அணைக்கப் போன தம்பிக்குக் கையும் மார்பும் வெந்து, அவனும் இங்கேதான், ஆண்கள் வார்டில்.

தோப்பைப் பாகம் பிரித்ததிலிருந்து அவனும் நானும் பேசுவதில்லை. இன்று, "வந்துட்டியாண்ணே" என்றான்.

ஏப்ரல் 11, செவ்வாய்

முதுகு, இரண்டு தொடை. பிள்ளை உடம்பிலேயே எடுத்து ஒட்ட நல்ல தோல் போதாதாம். வேறு ஆள் தோல் வைத்து மூட வேண்டும் என்கிறார் டாக்டர். யாருடையதாக இருந்தாலும் நிலைக்காது, அதற்குள் பிள்ளை தேறிக்கொண்டால் சரி என்று சொல்லிக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நிலைக்காது என்றது எங்கள் காதில் ஏறவில்லை. டாக்டர்கள் முன்கூட்டியே பயமுறுத்தி வைப்பது வழக்கம்தானே.

தம்பி பெண்சாதி ராசாத்தி முன்னால் வந்தாள், தன்னுடையதை எடுக்கச் சொல்லி. தம்பி கூடாது என்றான். அவள் திருமயத்தில் வேறு வீட்டில் பிறந்தவள், பிள்ளை நம் வம்சம், பங்காளி உடம்புதான் ஒட்டும் என்பது அவன் கட்சி. என் கட்சியும் அதுவே. மொட்டையும் தீட்டும் பங்காளிகளுக்குப் பொது. தோல் மட்டும் எப்படி வேறாகும்? சம்பந்தம் பேசப் போனவர்கள்போல் இரண்டு பேரும் முறை பார்த்து முடிவு கட்டினோம்.

அவள் பிள்ளை கட்டிலுக்குத் திரும்பிப் போய் விசிறியை எடுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 12, புதன்

எடுத்தாயிற்று. என் வலது தொடை. மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிச்சல். சாப்பாடு இறங்கவில்லை.

வாங்க: நொய்யரிசி. தம்பிக்குத் துண்டு. செ.க்கு ரிப்பன், சிவப்புதான் வேண்டுமாம்.

ஏப்ரல் 18, செவ்வாய்

கட்டுப் பிரித்தார்கள். பிடித்திருக்கிறது. விரல் வைத்து அழுத்தினால் வெளுத்து, மறுபடி நிறம் வருகிறது. உள்ளே ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தமாம். அவள் மாநிறத்தில் என் கறுப்பு திட்டுத் திட்டாக.

என்னைக் கண்டால் ஓடி ஒளிந்துகொள்ளும் பிள்ளை இது. சொல்லி வளர்த்தது அப்படி. இன்று அதுவாகவே கூப்பிட்டது.

"பெரியப்பா, ஒங்க தோலைத்தானே ஒட்டிருக்காங்க. எனக்கும் மீசை மொளைக்குமா?"

நர்ஸ் சிரித்தாள். ராசாத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. பெரியப்பா என்று கூப்பிட இருப்பது இது ஒன்றுதான். சந்தோஷம், ரொம்பச் சந்தோஷம்.

நம் ரத்தம் நம் ரத்தம்தான் என்றான் தம்பி. ஆமாம் என்றேன், ராசாத்தி காதில் விழும்படி.

ஏப்ரல் 27, வியாழன்

புழுக்கம். மேகம் கூடிக் கலைந்துவிட்டது. இரண்டு நாளாகவே ஒட்டிய இடம் சிவந்து வீங்கியிருந்தது. இன்று ஓரங்கள் கறுத்து, காரை பெயர்வதுபோல் வந்துவிட்டது. காய்ச்சல். தண்ணீர் தண்ணீர் என்கிறாள்.

மறுபடி மூட வேண்டும். இந்தத் தடவை அம்மாவுடையதை எடுக்கலாமே என்றார் டாக்டர். தம்பியும் நானும் ஒரே வாயில் மறுத்தோம். ஒட்டினது எங்கள் தோல், நடுவில் ஏதோ கோளாறு, திரும்ப வைத்தால் நிற்கும் என்று அடம். விதி என்பதுபோல் தலையை ஆட்டினார்.

இடது தொடை.

மே 3, புதன்

இந்தத் தடவை பிடிக்கவே இல்லை. அப்படியே கட்டோடு வந்துவிட்டது.

டாக்டர் உட்காரச் சொல்லிப் பேசினார். தன்னுடையது எது, அந்நியம் எது என்று உடம்புக்குத் தெரியுமாம். முதல் தடவை கண்டுகொள்ள நாள் பிடித்தது. இரண்டாம் தடவை ஆளை ஏற்கெனவே தெரியும், நுழையும்போதே விரட்டிவிட்டது. ஒரே அச்சாகப் பிறந்த இரட்டைப் பிள்ளைகளுக்குள் மட்டும் நிற்குமாம். அப்பன், ஆத்தா, பங்காளி யாருடையதும் நிற்காது.

அம்மாவுடையதை வைத்திருந்தால் என்று கேட்டேன். அதுவும் உதிரத்தான் செய்யும், ஆனால் புது ஆள் என்பதால் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும் என்றார். அந்தக் கொஞ்ச நாளில் பிள்ளை தேறியிருக்குமா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

நாளை ராசாத்தியிடம் எடுக்கப்போகிறார்கள். இப்போது தம்பி சரி என்று தலையாட்டினான். நானும்தான்.

மே 4, வியாழன்

செல்லம் போய்விட்டாள்.

நர்ஸ் சொல்லியிருந்தபடி ராசாத்தி விடியக் குளித்து, தொடைக்கு நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, வெறும் வயிற்றோடு வந்தாள். வரும்போதே பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். என்னை எப்பக் கூப்பிடுவாங்க என்று நர்ஸிடம் கேட்டாள். எவ்வளவு சொல்லியும் அந்த இடத்திலேயே நின்றாள்.

சாயங்காலம் தோப்பு ஓரத்தில் அடக்கம் பண்ணினோம். ரிப்பனை அவிழ்க்கவில்லை.

மே 10, புதன்

கோடை மழை. பொறுக்க ஆளில்லாமல் முந்திரிப் பழம் மரத்தடியில் அழுகி நாறுகிறது.

கட்டு மாற்றிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனேன். அடக்கத்துக்கு வந்தவன் ஆஸ்பத்திரிக்குத் திரும்பவில்லை, உள்ளே படுத்திருந்தான். ராசாத்தி கல்லாய் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையாம், பக்கத்து வீட்டில் சொல்லிக் கவலைப்பட்டார்கள். டாக்டர் சொன்னதை எடுத்துச் சொல்லலாம், ஆத்தா தோலும் நிற்காது என்று தெரிந்தால் இவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று வாயெடுத்தேன். டாக்டரு என்ன சொன்னாருன்னா, என்று ஆரம்பித்தேன்.

அவள் என்னிடம் நேருக்கு நேர் பேசியதே இல்லை.

"நிக்காதுன்னு மட்டும் சொல்லிறாதீங்க மச்சான். எம் மகளுக்கு நானும் யாரோன்னு ஆயிரும்."

உள்ளே தம்பி கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று தெரியும். வேண்டாம் என்று முதலில் சொன்னது அவன்தான்.

"ஒட்டியிருக்கும்மா" என்றேன். "ஒன்னோடதுன்னா ஒட்டியிருக்கும். நாங்கதான் கெடுத்தோம்."

அப்போதுதான் அழுதாள். உள்ளே கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. மழை விடும்வரை நின்று பார்த்தேன். தம்பி வரவில்லை.